61 மொறிஸ் மைனருக்கு பெயின்ற், மூண்டு கராஜ், மூண்டு விலை: எது நியாயம்?

மாங்குளம்_மைனர் எழுதியது:

வணக்கம். வண்டி 1961 மொறிஸ் மைனர் 1000, நாலு கதவு, 948 சிசி, ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய நம்பர். என்ஜின் நல்லா இருக்கு, ஓடுது. மேலே ஆரோ பிறகு அடிச்ச கடும் நீலம். கதவு திறந்தால் பிணைச்சல் பக்கத்தில பழைய சாம்பல் தெரியுது. அந்தப் பழைய நிறத்துக்கே கொண்டு போகத்தான் விருப்பம். கண்காட்சிக்கு இல்லை, கோயில் குளம், கலியாண வீடு எண்டு ஓடப்போற வண்டி.

மூண்டு இடத்தில விலை கேட்டாச்சு. வவுனியாவில 180,000 ரூபா, சாமானும் கூலியும் சேர்த்து, பத்து நாளில தருவினமாம். கிளிநொச்சியில 325,000, ரிங்கர் வேலை, அதாவது தகர வேலை, புறம்பு, "உரிச்சுப் பார்த்தால்தான் சொல்லலாம்" எண்டினம். யாழ்ப்பாணத்தில 550,000, எல்லாம் அடங்கலா, இரண்டு மாதம். மூண்டு இடத்திலயும் வண்டியை ஒருக்காச் சுத்தி நடந்து பார்த்துப்போட்டு வாயாலதான் சொன்னவை. எழுத்தில ஒண்டும் இல்லை.

ஒரே வண்டிக்கு எப்பிடி மூண்டு மடங்கு வித்தியாசம் வரும்? இந்த அளவு காருக்கு உண்மையில எவ்வளவு சாமான் போகும்? தின்னர் பறந்து காயிற என்.சி. பெயின்றா, ஹார்ட்னர் கலந்து இறுகிற 2கே பெயின்றா நல்லது? பெயின்றை நாங்களே வாங்கிக் குடுத்தால் மிச்சம் பிடிக்கலாமா? இப்ப ஆனி மாதக் காத்து, புழுதி. மாரிக்கு முதல் முடிக்கவும் வேணும்.

கறள்வெட்டி எழுதியது:

விலையை ஒரு பக்கம் வையுங்கோ தம்பி, முதல்ல தகரத்தைப் பாருங்கோ. மைனரில புறம்பாச் செசி கிடையாது, பொடிதான் செசி. அதால அடியில இருக்கிற கறள் வடிவு சம்பந்தப்பட்ட விசயம் இல்லை. முன் சீற்றுக்குக் கீழே குறுக்கால ஒரு பெட்டித் தகடு போகுது. முன் பக்கத்துக்கு வில்லா வேலை செய்யிற முறுக்குக் கம்பி, டோர்ஷன் பார் எண்டு சொல்லுறது, அதின்ர பின் முனை அந்தத் தகட்டிலதான் பிடிச்சு நிக்குது. அந்தக் குறுக்குத் தகட்டின்ர இரண்டு அந்தமும்தான் மைனரில முதல்ல உக்கிற இடம். அடுத்தது ஜக் வைக்கிற இடம், கதவுக்குக் கீழ நெடுக ஓடுற சில் தகடு, பின் வில்லுத் தகட்டின்ர முன் பிடி, டிக்கித் தரை. இதுகள் உக்கியிருக்க மேல மினுக்கி வாறது, செத்தை வேலிக்குச் சுண்ணாம்பு அடிச்ச கதைதான்.

பார்க்கிறது லேசு. மழுங்கின ஸ்குரூ டிரைவர் ஒண்டு எடுத்து, நான் சொன்ன இடங்களில அழுத்திக் குத்துங்கோ. நல்ல தகடு "டங்" எண்டும். உக்கினது "பொத்" எண்டு உள்ள போகும். போனால் போகட்டும், நீங்கள் குத்தாட்டில் கறள் பிறகு குத்தும். வெளித் தகட்டுக்குக் காந்தம். அதிலயும் கவனம், ஸ்பீக்கரில கழட்டின காந்தம் சரிவராது, அது தடிப்பாப் போட்ட கட்டலோய்க்கு, அதாவது பள்ளம் நிரப்பிற பசைக்கு, மேலாலயும் பிடிக்கும். கடையில விளம்பரத்துக்குத் தாற மெல்லிய பிரிட்ஜ் காந்தம்தான் திறம். நூலில கட்டித் தொங்கவிட்டு ஊர வையுங்கோ. எங்க விழுதோ அங்க கட்டலோய் 2, 3 மில்லிமீற்றருக்கு மேல இருக்கு. அந்த இடத்தில சோக்கால வட்டம் போடுங்கோ. முன் மட்காட்டின்ர பின் கீழ் மூலை, ஹெட்லைற்றைச் சுத்தி, நாலு கதவின்ர அடி. இந்த இடங்களில வட்டம் விழாத மைனர் அருமை.

இனி ஒரு விசயம். மைனரின்ர நாலு மட்காட்டும் நட் போல்ற்றில நிக்குது, கழட்டலாம். பின் மட்காட்டுக்கும் பொடிக்கும் நடுவில ஒரு குழாய் விளிம்பு, பைப்பிங் எண்டு சொல்லுறது, நெடுக ஓடும். கழட்டி அடிச்ச வேலையா, கழட்டாமல் அடிச்ச வேலையா எண்டு அதில கை வைச்சாலே தெரியும். போல்ற் 60 வருசக் கறளில இறுகி இருக்கும், திருப்பினால் முறியும், முறிஞ்சால் துளைச்சு எடுக்க வேணும், அரை நாள் போகும். அந்த அரை நாளுக்குப் பயந்துதான் பைப்பிங்குக்கு மேலாலயே பட்டி இழுத்துப் பெயின்ற் அடிச்சு விடுறது. கிரவல் ரோட்டில நாலு மாதம் ஓடினால் அந்த ஓரம் முழுக்க மயிர்க்கோடு மாதிரி வெடிக்கும். வெடிப்பால தண்ணி போகும், உள்ளுக்கை இருந்து கறள் வரும். விலை கேக்கேக்க "மட்காட் நாலும் கழட்டுவியளா?" எண்டு கேளுங்கோ. அந்த ஒரு கேள்விக்கு வாற பதிலில பாதி விலை விளங்கும்.

ஒட்டுப் போடுறதுக்கு வெளித் தகட்டுக்கு 20 கேஜ், அதாவது 0.9 மில்லிமீற்றர். பாரம் தாங்கிற இடத்துக்கு 16 கேஜ், 1.6 மில்லிமீற்றர். உக்கினதை நல்ல தகடு வரைக்கும் வெட்டி எறிஞ்சு, அந்த அளவுக்குத் துண்டு வெட்டி விளிம்போட விளிம்பு வெல்ட் பிடிக்க வேணும். ஓட்டைக்கு மேலால தகரத்தை வைச்சு ரிவெட் அடிச்சு மேல கட்டலோய் பூசுறது வேலை இல்லை. இரண்டு தகட்டுக்கு நடுவில தண்ணி நிண்டு முதல் இருந்ததை விடக் கெதியா உக்கும். வெல்ட் பிடிச்ச இடத்துக்கு உள்பக்கமும் எபொக்சி பிறைமர் போக வேணும், இதையும் மறக்கிறவை கனபேர்.

கிளிநொச்சிக்காரர் "உரிச்சுப் பார்த்தால்தான்" எண்டு சொன்னது நழுவல் இல்லை, நேர்மையான பதில். உரிக்க முதல் தகர வேலைக்கு மொத்த விலை சொல்லுறவர் ஒண்டில் கூட்டிச் சொல்லுறார், இல்லாட்டில் செய்யப் போறேல்லை. துண்டு விலை பேசுங்கோ. கதவு அடி ஒண்டுக்கு இவ்வளவு, மட்காட் மூலை ஒண்டுக்கு இவ்வளவு, சில் ஒரு பக்கத்துக்கு இவ்வளவு எண்டு. உரிச்ச பிறகு இரண்டு பேரும் நிண்டு எண்ணலாம்.

ஓமந்தை_ஸ்பிரே எழுதியது:

பெயின்ற் விலை எண்டது நாள் கணக்கு. சாமான் எவரிட்ட வாங்கினாலும் பெரிய வித்தியாசம் வராது. வித்தியாசம் முழுக்க எத்தினை நாள், எத்தினை பேர் எண்டதிலதான். ஆகவே எவ்வளவு எண்டு கேக்காமல் எத்தினை நாள் எண்டு கேளுங்கோ.

நல்ல தகடுள்ள மைனருக்கு ஒரு பாஸும் (தலைமை வேலைக்காரர்) ஒரு உதவியாளும் நிண்டால்: கண்ணாடி, ரப்பர், பம்பர், லைற், கைபிடி, மட்காட் கழட்ட 3 நாள். பழைய பெயின்ற் உரிக்க 4. பட்டி இழுத்துக் கட்டை பிடிச்சு உரஞ்ச 6. பிறைமர் அடிச்சுத் திரும்ப உரஞ்ச 4. நிறம் அடிக்கிற நாள் 1. வெட்டிப் பொலிஷ் பண்ண 2. திரும்பப் பூட்ட 3. மொத்தம் 23 நாள். காய விடுற நாள் இதில இல்லை.

இப்ப கணக்குப் பார்ப்பம். பாஸுக்கு 5,000, உதவிக்கு 3,000 எண்டு வைப்பம். இது கணக்குக் காட்ட எடுத்த எண், உங்கட பக்கத்துக் கூலியை மாத்திப் போடுங்கோ. ஒரு நாள் 8,000. அதோட கரண்ட், கொட்டில், கொம்பிரசர் தேய்மானம், முதலாளியின்ர லாபம் எண்டு 2,000. ஆக நாளுக்கு 10,000, 23 நாளுக்கு 230,000. கிளிநொச்சி விலை 325,000-இல இதைக் கழிச்சால் சாமானுக்கு 95,000 மிஞ்சுது. கீழ சொல்லுற அளவுகளுக்குக் கடையில விலை எழுதி வாங்கிப் பாருங்கோ, கிட்டத்தட்ட அந்தப் பக்கம் வந்தால் அவர் சரியாத்தான் சொல்லியிருக்கிறார்.

அதே 95,000-ஐ வவுனியா விலையில கழியுங்கோ. 85,000 மிச்சம். எட்டரை நாள் கூலி. பத்து நாளில தாறம் எண்டு சொன்னவையெல்லோ, கணக்கு ஒத்து வருது. அவை ஏமாத்தேல்லை, எட்டரை நாள் வேலைக்கு எட்டரை நாள் விலை சொல்லியிருக்கினம். 23 நாள் வேலையை எட்டரை நாளில செய்யேலாது, அப்ப எது விடுபடும்? கண்ணாடி கழட்டாமல் ரப்பருக்குப் பேப்பர் ஒட்டுறது, பழைய பெயின்றை உரிக்காமல் மேலால உரஞ்சிப்போட்டு அடிக்கிறது, பிறைமருக்கு மேல கட்டை பிடிக்காதது. வாற வருசம் விக்கப்போற வானுக்கு அது போதும்.

யாழ்ப்பாண விலைக்கும் கிளிநொச்சி விலைக்கும் இடையில 225,000. நாளுக்கு 10,000 படி 22 நாள் தகர வேலை. கறள்வெட்டி அண்ணை சொன்ன மாதிரிக் குத்திப் பார்த்தால் உங்கட வண்டிக்கு 22 நாள் தகர வேலை இருக்கோ இல்லையோ எண்டு தெரியும். அடி உக்கியிருந்தால் 550,000 நியாயம். அடி நல்லா இருந்தால் இல்லாத வேலைக்குக் காசு குடுக்கிறியள்.

சாமான் அளவு. வண்டி 3.76 மீற்றர் நீளம், 1.55 அகலம், சின்னன்தான். எபொக்சி பிறைமர் 2 லீற்றர். கட்டலோய் 3 முதல் 4 கிலோ, மேல இழுக்கிற மெல்லிய பட்டி 1 கிலோ. ஆரும் கட்டலோய் 10 கிலோ எண்டு எழுதித் தந்தால் தகரம் தட்டப் போறேல்லை, கட்டலோயால வண்டி செய்யப் போகினம் எண்டு அர்த்தம். 2கே சர்பேசர், அதாவது உரஞ்சி மட்டம் எடுக்கிற பிறைமர், 3 லீற்றர், அதுக்கான ஹார்ட்னர் புறம்பு. நிறம் 3 லீற்றர், ஹார்ட்னர் ஒண்டரை. என்ஜின் அறையும் டிக்கி உள்ளும் சேர்த்து அடிக்கிறதெண்டால் நிறம் இன்னும் 1 லீற்றர். 2கே தின்னர் 3 லீற்றர், ஸ்பிரே கன் கழுவ என்.சி. தின்னர் 8 லீற்றராவது. கிறீஸ் துடைக்கிற திரவம் 2 லீற்றர், சீம் சீலர் 5 டியூப், அடிக்கு அடிக்கிற கல்லடிப் பூச்சு 4 லீற்றர். உரஞ்சுற பேப்பர் நம்பர் 80, 120, 180, 240, 320, தண்ணிப் பேப்பர் 400, 600, 800, பிறகு 1500, 2000.

என்.சி.யா 2கே-யா? வன்னி வெயிலுக்கு 2கே. என்.சி. அடிக்க லேசு, கொட்டிலிலயும் அடிக்கலாம், பிறகு ஒரு இடம் கீறினால் அந்த இடத்தை மட்டும் சரிப்பண்ணலாம். ஆனால் வெளியில நிக்கிற வண்டியில கெதியா மங்கும், பெற்றோல் சிந்தினால் கறை விழும். இந்த வண்டிக்கு மேல கிளியர் (நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) வேண்டாம். 60களின்ர காருக்கு நேரடிப் பளபளப்பு நிறம்தான் பொருத்தம், கிளியர் போட்டால் கண்ணாடி மாதிரி மினுங்கிப் புதுப் பொம்மை போல நிக்கும். கிளியர் இல்லாட்டில் ஒரு சாமானும் ஒரு நாளும் மிச்சம், விலையில அதைக் கழிக்கச் சொல்லிக் கேளுங்கோ. ஒண்டு மட்டும்: 2கே ஹார்ட்னரில ஐசோசயனேற் எண்ட நஞ்சு இருக்கு, துணி கட்டி அடிக்கிற சாமான் இல்லை. காபன் வடி உள்ள முகமூடி கூட இல்லாத கொட்டிலில அந்த வேலையைக் குடுக்காதேங்கோ, அடிக்கிற பொடியன்ர நெஞ்சுதான் போகும்.

இப்ப மேல என்ன பெயின்ற் இருக்கு எண்டும் பார்க்க வேணும். வெள்ளைத் துணியில என்.சி. தின்னரை நனைச்சு, தெரியாத மூலையில ஒரு நிமிசம் பிடிச்சுத் தேய்யுங்கோ. நிறம் கரைஞ்சு துணியில வந்தால் என்.சி. பொங்கிச் சுருங்கினால் சிந்தெற்றிக் எனமல். ஒண்டும் நடக்காட்டில் 2கே. அதைப் பார்த்துத்தான் உரிக்கிறதா உரஞ்சுறதா எண்டு சொல்லலாம்.

ஸ்ரீநம்பர்_55 எழுதியது:

நிறம் மாத்த முதல் வாகனப் பதிவுப் புத்தகத்தைப் பாருங்கோ. அதில என்ன நிறம் எழுதியிருக்கு? நீலம் எண்டு இருந்து நீங்கள் சாம்பல் அடிச்சால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில நிறமாற்றம் பதிய வேணும், விக்கேக்க அது இல்லாமல் இழுபடும். சாம்பல் எண்டே இருந்தால் பிரச்சினை இல்லை, முந்தி நீலம் அடிச்சவர்தான் பதியாமல் விட்டவர்.

நிறம் பிடிக்கிறதுக்குக் கதவுப் பிணைச்சல் வேண்டாம், அங்க வெயிலும் எண்ணெயும் பட்டிருக்கும். கதவின்ர உள் அட்டையைக் கழட்டினால் பின்னால வெளிச்சம் படாத இடம் இருக்கு. அதை மெல்லப் பொலிஷ் போட்டுத் துடைச்சுப்போட்டுப் பொருத்தச் சொல்லுங்கோ. 60களில மைனருக்கு ஸ்மோக் கிரே, டவ் கிரே எண்டு இரண்டு சாம்பல் இருந்தது. இரண்டும் ஒண்டில்லை, சும்மா சாம்பல் எண்டு கடையில கேட்டால் மூண்டாவது ஒரு சாம்பல்தான் வரும். கலக்கினதைத் தகரத் துண்டு ஒண்டில அடிச்சுக் காய விட்டு, பத்து மணி வெயிலில பிடிச்சுப் பாருங்கோ. டின்னில தெரியிற நிறம் காய்ஞ்சால் இருக்காது.

மாங்குளம்_மைனர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சொன்னதெல்லாம் செய்து பார்த்தாச்சு. காந்தம் விழுந்த இடம்: வலது முன் மட்காட் மூலை, பின் கதவு இரண்டின்ர அடி, டிக்கி மூடியின்ர கீழ் விளிம்பு. ஸ்குரூ டிரைவர் உள்ள போன இடம் ஒண்டு, குறுக்குத் தகட்டின்ர இடது அந்தம். வலது அந்தம் டங் எண்டுது. சில் இரண்டும் நல்லம். தின்னர் பிடிச்சால் நீலம் துணியில வருது, அதுக்குக் கீழ ஒரு படை பொங்கிச் சுருங்குது.

பதிவுப் புத்தகத்தில சாம்பல் எண்டுதான் இருக்கு. கிளிநொச்சிக்காரர் எழுதித் தரச் சம்மதம், ஆனால் பாதிக் காசு முதலே கேக்கிறார். அவற்ற இடம் கூரை மட்டும் உள்ள கொட்டில், மூண்டு பக்கமும் திறப்பு, கிணத்துத் தண்ணி. இந்தக் காத்துக்க அது சரிவருமா?

ஓமந்தை_ஸ்பிரே எழுதியது:

சிந்தெற்றிக்குக்கு மேல என்.சி. அடிச்சிருக்கினம். அதுக்கு மேல 2கே அடிச்சால் கீழ்ப் படை எழும்பித் தோல் உரியிற மாதிரிச் சுருங்கும். அண்டைக்கே சுருங்காட்டிலும் முதல் கோடையில சுருங்கும். ஆகவே முழுக்க உரிக்க வேணும், வேற வழி இல்லை. பெயின்ற் ரிமூவர் போட்டுச் சுரண்டுறதுதான் நல்லம். கிரைண்டரில கரடான உரஞ்சல் தட்டுப் போட்டு உரிச்சால் பொனற்றும் கூரையும் சூடேறி வளையும், மண் வீச்சு அடிச்சாலும் அகலத் தகடு அப்பிடித்தான். அந்தக் காலப் பெயின்றில ஈயம் இருக்கலாம், காய உரஞ்சி தூசி பறக்க விடாதேங்கோ, சின்னப்பிள்ளையள் நிக்கிற வளவெண்டால் சொல்லவே வேண்டாம். ரிமூவர் போட்ட பிறகு மூட்டுகளுக்க ஒரு சொட்டும் மிஞ்சக் கூடாது. மிஞ்சினது மூண்டு மாதத்துக்குப் பிறகு புதுப் பெயின்றைக் கொப்பளமா எழுப்பும்.

உரிச்ச தகட்டில அண்டைக்கே எபொக்சி அடிக்க வேணும். ராவிருந்தால் காலமை மெல்லிய செம்பூச்சு பிடிச்சிருக்கும். எபொக்சிக்கு மேல கட்டலோய் பூசலாம். அசிட் பிறைமருக்கு மேல மட்டும் கட்டலோய் பூச விடாதேங்கோ, பிடிக்காது. கட்டலோயைத் தண்ணி போட்டு உரஞ்சவும் கூடாது. அது பஞ்சு மாதிரித் தண்ணியைக் குடிச்சு வைச்சிருந்து பிறகு கொப்பளிக்கும்.

தண்ணிக் கதை வன்னியில தனிக் கதை. எங்கட கிணத்துத் தண்ணியில கடினம் கூட, கேத்தில் அடியில பிடிக்கிற வெள்ளைப் படை தெரியும்தானே. பிறைமரைத் தண்ணிப் பேப்பரால உரஞ்சிப்போட்டு அந்தத் தண்ணியாலயே கழுவி வெயிலில காய விட்டால் உப்பு மேல நிக்கும். அதுக்கு மேல நிறம் அடிச்சால், மாரியில ஈரத்தை அந்த உப்பு பெயின்றுக்குள்ளால இழுத்து ஊசிமுனை அளவில ஆயிரம் கொப்பளம் எழுப்பும். பெயின்ற் கூடாது எண்டு எல்லாரும் கடைக்காரனைத் திட்டுவினம். உரஞ்சுறதுக்குக் கிணத்துத் தண்ணி பரவாயில்லை. கடைசிக் கழுவலுக்கு ஆர்.ஓ. தண்ணி 20 லீற்றர் போத்தில் மூண்டு வாங்கிக் குடுங்கோ. கழுவி, காய விடாமல் துணியால ஒத்தி எடுக்க வேணும். முழு வேலையிலயும் மலிவான காப்புறுதி அதுதான்.

காத்துக்கு: தகரம், பட்டி, பிறைமர் எல்லாம் திறந்த கொட்டிலில நடக்கலாம். நிறம் அடிக்கிற நாளுக்கு மட்டும் மரச் சட்டத்தில பொலித்தீன் அறை கட்டச் சொல்லுங்கோ. நிலத்துக்கு முதல் நாள் பின்னேரம் தண்ணி தெளிக்க வேணும். காலமை ஆறுக்குத் தொடங்கி ஒன்பதுக்குள்ள முடிக்க வேணும். ஒன்பதுக்குப் பிறகு காத்தும் எழும்பும், தகடும் சுடும். சுட்ட தகட்டில பெயின்ற் விழ முதலே தின்னர் பறந்து தோடம்பழத் தோல் மாதிரி நிக்கும். தின்னர் மெதுவாக் காயிற வகை வாங்குங்கோ. கலவை நிறம் இரண்டுக்கு ஹார்ட்னர் ஒண்டு, தின்னர் பத்து வீதம். டின்னில வேற விகிதம் போட்டிருந்தால் டின் சொல்லுறதுதான் சட்டம். ஒரேயடியாக் கலக்காமல் கோட் கோட்டாக் கலக்க வேணும், இந்த வெக்கையில கலவை கெதியா இறுகும். கன் நுனி 1.3 அல்லது 1.4, பிறைமருக்கு 1.7 பக்கம். இரண்டு முழுக் கோட், நடுவில 15 நிமிசம். கொம்பிரசருக்கும் கன்னுக்கும் நடுவில தண்ணி பிடிக்கிற வடி இருக்கோ எண்டு நீங்களே கண்ணால பாருங்கோ. ராவில லைற் போட்டு அடிக்க விடவே கூடாது, பூச்சி முழுக்க உங்கட பொனற்றிலதான் குடியிருக்கும்.

இப்ப ஆனியில தொடங்கினால் ஆவணிக்குள்ள முடியும். ஐப்பசி மழை துவங்கின பிறகு நிறம் அடிக்கிற எண்ணத்தை விடுங்கோ. தைக்குத் தள்ளலாம் எண்டும் யோசிக்காதேங்கோ. காலபோக அறுவடை துவங்கினால் உதவிக்கு நிக்கிற பொடியன் வயலுக்குப் போயிடுவான், உங்கட வண்டி உரிச்ச கோழி மாதிரிக் கொட்டிலில நிக்கும்.

சாவகச்சேரி_கராஜ் எழுதியது:

சாமானை நீங்களே வாங்கிக் குடுக்கிறது பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. மிச்சம் வரும் எண்டு வாங்க வேண்டாம். பெயின்ரர் கடையில வழமையா வாங்கிறதால அவருக்குக் கழிவு கிடைக்கும், உங்களுக்குக் கிடையாது. அந்தக் கழிவு அவற்ற வருமானத்தில ஒரு பங்கு. நீங்கள் வாங்கினால் அதைக் கூலியில கூட்டுவார். பெரிய சிக்கல் வேற. பெயின்ற் எழும்பினால் "நீங்கள் வாங்கித் தந்த சாமான்" எண்டு கையை விரிக்கலாம். பிறைமர், ஹார்ட்னர், நிறம், தின்னர் நாலும் ஒரே கம்பனி வகையா அவரே வாங்கட்டும். டின்னை உங்களுக்கு முன்னால உடைக்கட்டும். பில்லும் வெறும் டின்னும் உங்களிட்ட வரட்டும். போத்திலில அளந்து விக்கிற தின்னர் கன் கழுவ மட்டும். முடிய அரை லீற்றர் நிறத்தை ஹார்ட்னர் கலக்காமல் இறுக்கி மூடி வாங்கி வையுங்கோ, பிறகு கீறலுக்கு அதுதான் மருந்து.

ரப்பர் சாமான் மட்டும் நீங்கள் தேடுங்கோ: முன் பின் கண்ணாடி ரப்பர், கதவு ரப்பர், மட்காட் பைப்பிங். கொழும்பில வாகன உதிரிப்பாகக் கடையள் உள்ள பஞ்சிகாவத்தையில ஒரு நாள் அலைஞ்சால் கொஞ்சம் கிடைக்கும். மிச்சம் இங்கிலாந்தில இருந்து எடுக்க வேண்டி வரும். வண்டி உரிக்க முதல் கையில இருக்க வேணும். பழைய கண்ணாடி ரப்பர் கழட்டேக்க வெடிக்கும், புதுசு இல்லாட்டில் பேப்பர் ஒட்டி அடிப்பம் எண்ட கதை அங்கதான் துவங்கும்.

காசுக்கு வருவம். பாதி முதலே குடுக்காதேங்கோ, ஆனால் அவரைச் சந்தேகப்படுற மாதிரியும் கதைக்காதேங்கோ. "அண்ணை, கட்டம் கட்டமாத் தாறன், உங்களுக்கும் கை ஓட்டமா இருக்கும்" எண்டு கேட்டால் பெரும்பாலும் ஓமெண்டுவினம். வண்டி விடேக்க 20 வீதம், அது உரிக்கிற கூலிக்கும் எபொக்சிக்கும் காணும். தகர வேலை முடிஞ்சு பட்டி பூச முதல் நீங்கள் வந்து பார்த்துப் படம் எடுத்த பிறகு 25. பிறைமர் உரஞ்சி முடிய 25. நிறம் அடிச்சு முடிய 20. பூட்டி வெளியில வந்து ஒரு மாதத்தால கடைசி 10. இதில முக்கியமானது இரண்டாவது கட்டம். பட்டி பூசினால் அதுக்குக் கீழ என்ன நடந்தது எண்டு ஆண்டவனுக்கும் தெரியாது. துண்டு விலையில பேசின தகர வேலையை இந்தக் கணக்குக்குள்ள போடாமல் புறம்பாத் தீருங்கோ.

எழுதி வாங்கிற தாளில நாலே நாலு வரி போதும். கண்ணாடியும் நாலு மட்காட்டும் கழட்டி அடிக்கிறது. வெறும் தகடு வரைக்கும் உரிக்கிறது. எபொக்சி, சர்பேசர், 2கே நிறம் இரண்டு கோட். ஒரு வருசத்துக்குள்ள கொப்பளிச்சால், வெடிச்சால், உரிஞ்சால் அந்தத் துண்டைத் திரும்பச் செய்து தாறது. மங்கினால் எண்டு எழுதாதேங்கோ, அது நீங்கள் வண்டியை எங்க விடுறியள் எண்டதைப் பொறுத்தது, அதுக்கு ஒருத்தரும் கையெழுத்து வைக்க மாட்டினம்.

கறள்வெட்டி எழுதியது:

நீங்கள் சொன்ன நாலு வெளி இடமும் சின்ன வேலை, ஏழெட்டு நாள். யாழ்ப்பாண விலையில இருந்த 22 நாள் உங்கட வண்டிக்கு இல்லை. கிளிநொச்சியில 325,000, மேலதிகமாத் தகரத்துக்கு எழுபது, எண்பதினாயிரம் எண்டு முடிஞ்சால் நியாயமான விலை. அதுக்குக் கீழ நெருக்காதேங்கோ. நெருக்கினால் அவர் பேப்பர் உரஞ்சுற நாளிலதான் பிடிப்பார்.

குறுக்குத் தகட்டின்ர இடது அந்தத்தை மட்டும் பெயின்ற் கராஜில குடுக்க வேண்டாம். வெல்டிங் நல்லாத் தெரிஞ்ச, பழைய பிரித்தானியக் கார் அடி செய்து பழகின ஒருத்தரிட்ட முதல்ல அதை முடியுங்கோ. மைனரின்ர அடித் தகடுகள் இங்கிலாந்தில இப்பவும் புதுசா அடிச்சு விக்கிறாங்கள், அந்தத் துண்டை எடுத்தால் வேலை துப்புரவா வரும். வெட்ட முதல் அந்தப் பக்க டோர்ஷன் பாரின்ர இறுக்கத்தை விட வேணும், பாரத்தோட வெட்டினால் தகடு துள்ளும். நாலு ஸ்ராண்டில மட்டம் பார்த்து நிறுத்தி, கதவு நாலும் பூட்டியபடிதான் வெட்ட வேணும். வெல்ட் பிடிக்கிறதுக்கு முதலும் பிறகும் கதவு இடைவெளியை மேலும் கீழும் அளந்து சோக்கால கதவிலயே எழுதி வையுங்கோ. கீழ நாலு மில்லிமீற்றர் இருந்தது ஏழானால் பொடி வளைஞ்சு போச்சு. அதைப் பட்டியால மறைக்க வெளிக்கிட்டால் கதவு ஒவ்வொரு தடவை அடிக்கேக்கயும் விளிம்பில பெயின்ற் உதிரும். அளவு மாறாமல் நிண்டால் அப்பிடியே ஏத்திக்கொண்டு கிளிநொச்சிக்குப் போங்கோ.